குடிபெயர்ந்த கரகரப்பு

"துப்புக் கிடைக்கணும்னா முடி வெட்டிக்கணும்னு எந்தப் புத்தகத்துல படிச்சீங்க அண்ணி?"

கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றி சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான்தான் கேட்டேன். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த வருஷமே அண்ணி துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். அண்ணன் வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக் கொடுத்ததோடு கை கழுவிவிட்டான். உதவியாளர் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது அந்தத் தலையே கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்தது.

"சும்மா நின்னு கேள்வி கேட்டா யாரும் பேசமாட்டாங்க. முடி வெட்டறப்போ ஊரே பேசும். ஆடாம உக்காரு தம்பி, காது போயிடும்," என்றார் அண்ணி.

விவகாரம் இதுதான். அந்த நாலு மாடிக் கட்டடத்தின் கீழே இரண்டு கடைகள். ஒன்று இந்த சலூன், சுவருக்கு அந்தப் பக்கம் தையல்கடை. தையல்கார அக்கா தங்கையின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். இன்னும் சில நாள் கழித்து வருவதாக இருந்தவர் நேற்றே வந்து ஷட்டரைத் தூக்கினால், துணியில் பூ போடும் எம்பிராய்டரி மிஷினைக் காணவில்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் மூன்றாம் மாடியைக் கைகாட்டினார். அங்கே இருப்பவரைக் கட்டடம் முழுக்க 'ஏரியல் மாமா' என்றுதான் கூப்பிடும். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊராரின் கண்ணைச் சோதிப்பது அவர் தொழில். சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று வானத்துக்குக் காது கொடுப்பது அவர் பைத்தியம். கையில் பிடிக்கிற ஆன்டெனா ஒன்றை அவரே செய்து வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் குழாயில் குறுக்கே வரிசையாக எஃகு அளவு டேப்பின் துண்டுகள். தலைக்கு மேலே போகிற அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோள் பக்கம் அதை நீட்டி, அதன் வழியாக எங்கோ இருக்கிற இன்னொரு ரேடியோக்காரரோடு பேசுவார்.

"டேப்பை வெட்டினவர் மிஷினை விட்டு வைப்பாரா?" என்பது செயலாளரின் வாதம். அக்காவின் கடையில் இருப்பது துணி டேப், மாமாவின் ஆன்டெனாவில் இருப்பது இரும்பு டேப் என்று சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. மொட்டைமாடிச் சாவியை மாமாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

மாமா எங்களிடம் ஓடி வந்தது கெட்ட பெயருக்குப் பயந்து இல்லை. "திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. இன்னிக்குச் சாயங்காலம் எனக்கு மாடி வேணும்மா," என்றார். அவருடைய ஒரே மகள் எங்கோ ஒரு தீவில் கடற்பறவைகளைக் கணக்கெடுக்கிற குழுவில் இருக்கிறாள். அங்கே போன் எடுக்காது. இவர் செய்து கொடுத்த இதே மாதிரி ஆன்டெனா ஒன்று அவளிடமும் இருக்கிறது. சாயங்காலம் செயற்கைக்கோள் வரும் நேரத்தில் கூப்பிடுவதாகத் தீவுக்குப் படகேறும் முன் ஒரு வரி செய்தி அனுப்பியிருந்தாள். அவள் தீவுக்குப் போன நாளிலிருந்து ஒரு வார்த்தைகூட இவர் காதில் விழவில்லை. நாளைக்கு அந்தக் குழு கப்பலேறி இன்னும் தெற்கே போகிறது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் எட்டாது.

அதனால்தான் அண்ணி என் முடியைப் பலி கொடுத்திருந்தார்.

மூலையில் ஒரு பழைய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "ரேடியோ ரொம்பத் தெளிவாப் பாடுதே!" என்றார் அண்ணி.

சலூன்காரர் கத்தரியை நிறுத்திச் சிரித்தார். "கொஞ்ச நாளாத்தான் இந்த யோகம். பக்கத்துக் கடை அக்கா மிஷினை ஓட்டினா என் ரேடியோ உசிரை விட்டுடும். கர், கர், கர்னு மூணு தடவை வெட்டும், அப்புறம் ஒரு இழுப்பு, கர்ர்ர்ர்னு. பாட்டுல வரி எது, கரகரப்பு எதுன்னே தெரியாது. அக்கா ஊருக்குப் போனாங்க, சனியன் விட்டுச்சு. பாவம், இப்ப மிஷினே போயிடுச்சு."

"அந்தக் கடைக்கு மாத்துச் சாவி யார்கிட்ட?"

"எல்லாக் கடைக்கும் மாத்துச் சாவி செயலாளர்கிட்டதான். தண்ணிக் குழாய் வெடிச்சா திறக்கணுமே."

அண்ணி எழுந்துவிட்டார். "அண்ணே, கத்தரியை வச்சுட்டு எங்களோட மூணாவது மாடிக்கு வர்றீங்களா? ஒரு சத்தம் கேட்டுச் சொல்லணும்."

"அண்ணி, இன்னும் ஒரு பக்கம்தான் வெட்டியிருக்காரு!"

"அந்தப் பக்கத்தைச் சுவர் பக்கமா வச்சுக்கிட்டு நட," என்றார் அண்ணி.

ஏரியல் மாமாவின் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேஜை முழுக்க ஒயரும் டேப் துண்டுகளும். சாப்பிடத் தட்டு வைக்க ஒரு மூலை மட்டும் ஒழித்து வைத்திருந்தார். மாமா ஆன்டெனாவை எடுத்து அண்ணி கையில் கொடுத்தார்.

"இது எங்க பார்க்குதோ அங்க இருக்கறது சத்தமாக் கேக்கும். செயற்கைக்கோள் நகர்ந்துக்கிட்டே இருக்கும், கையும் கூடவே போகணும். அது உருண்டுக்கிட்டே போறதால மணிக்கட்டையும் திருகித் திருகிப் பிடிக்கணும். இல்லைன்னா குரல் நழுவிடும்."

"துணி பிழியற மாதிரி," என்றேன்.

"அதேதான் தம்பி. ஆனா இந்த வாரம் எவ்வளவு பிழிஞ்சும் ஒரு சொட்டு வரல. மேல அது தெளிவாத்தான் பேசுது. இங்க பக்கத்துல எதுவோ ஒண்ணு என் காதுகிட்ட நின்னு கத்துது. செயலாளர்கிட்டயும் சொன்னேன். 'ஆன்டெனாவை எடுத்துக்கிட்டு அது எங்கன்னு தேடப்போறேன்'னு சொன்னேன். மறுநாளே மிஷினைக் காணோம்னு அக்கா வந்தாங்க, அவர் சாவியைப் பிடுங்கிட்டாரு."

மாடியில் பேசும்போதெல்லாம் அவர் போனில் ஒலிப்பதிவு செய்து வைப்பார். ஒன்றைப் போட்டுக் காட்டினார். மாமா தன் அழைப்புக் குறியை, அதாவது ரேடியோவில் தன் அடையாள எழுத்துகளை, சொல்வது கேட்டது. அதற்கப்புறம் வெறும் இரைச்சல். இரைச்சலுக்குள்ளே கர், கர், கர், கர்ர்ர்ர்.

சலூன்காரர் துள்ளிக் குதித்தார். "ஐயோ, இது நம்மாளு! என் ரேடியோவைக் கொன்ன அதே ஆளு! தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவேன்." உடனே நெற்றி சுருங்கியது. "ஆனா அக்கா ஊர்லயே இல்லையே. மிஷின் எப்படிங்க ஓடுச்சு?"

"அதான் கேள்வி," என்றார் அண்ணி. "சத்தம் உங்க கடையைக் காலி பண்ணிட்டு மாடிப் பக்கமாக் குடி வந்திருக்கு. திருடன் மிஷினை விக்கல, வெளியூருக்குக் கடத்தல. பக்கத்துலயே உக்காந்து தச்சுக்கிட்டிருக்கான். மாமா திருடலைங்கறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா? தன் பொண்ணு குரலை அமுக்கற சாமானை யாராவது திருடி வந்து பக்கத்துல வச்சுக்குவாங்களா?"

மாமாவின் முகம் மலர்ந்தது. ஆனால் போனில் ஒலிப்பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மாமாவின் குரல் தணிந்து, "கேக்கலைன்னு தெரியும்மா, ஆனாலும்..." என்று தொடங்கியது. மாமா பாய்ந்து போனை அணைத்துவிட்டார்.

"அது ஒண்ணுமில்ல. சும்மா வாய்க்கு வந்ததை உளறுவேன்," என்றவரின் காதுமடல் சிவந்திருந்தது.

சலூன்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டு நானும் அண்ணியும் நாலாம் மாடிக்கு ஏறி செயலாளர் வீட்டு மணியை அடித்தோம். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். ஒரு கை கதவில், இன்னொரு கை இடுப்பில். உள்ளறையிலிருந்து செயலாளர் வந்தார். கதவைப் பின்னால் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அது விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். அவருடைய பனியனில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. பெரிய மனிதர் ஆயிற்றே என்று மரியாதைக்காக நான் சொல்லவில்லை.

"சார், மாமாதான் திருடினாரான்னு மாடியில வச்சு நிரூபிக்கப் போறோம். நீங்க சாட்சியா நிக்கணும்," என்றார் அண்ணி, வெகு பணிவாக.

செயலாளருக்கு முகமெல்லாம் பல். "வர்றேன், வர்றேன். சங்க வேலைன்னா பனியனோட வரக்கூடாது," என்று இஸ்திரி போட்ட சட்டையைத் தேடிப் போனார்.

அந்த இடைவெளியில் அண்ணி செய்தது என்ன தெரியுமா? செயலாளர் மனைவியோடு இடுப்புவலியைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நெருங்குகிறது, மாமா கீழே கடிகாரத்தைப் பார்த்துத் தவிக்கிறார், இங்கே வலிக்கு வெந்நீர் ஒத்தடமா, ஐஸ் ஒத்தடமா என்று ஆராய்ச்சி.

"அவருக்கென்னம்மா, முதுகுவலின்னு சொல்லி மசாஜ் மிஷின் வாங்கி அந்த ரூம்ல வச்சிருக்காரு. 'ஆம்பளைங்க சமாசாரம், நீ வராதே'ன்னு கதவைச் சாத்திக்கிட்டு ஒரு வாரமா உர்ருனு ஓட்டறாரு. எனக்கும் இடுப்பு இருக்குன்னு நினைப்பே கிடையாது!"

"அவர் எங்களோட மேல வந்ததும் நீங்களும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடுங்களேன்க்கா. இடுப்பு என்ன, ஆளுக்கொரு சட்டமா?" என்றார் அண்ணி.

"போற இடத்துல எல்லாம் வைத்தியம் பார்க்கறீங்களே அண்ணி, போர்டை மாத்தி எழுதிடலாமா?" என்று படியேறும்போது நான் கேட்டேன். அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடிகள், தெருவுக்கு எதிரே உயரமாக ஒரு தகர விளம்பரப் பலகை. வெயில் தாழ்ந்திருந்தது. மாமாவோடு தையல்கார அக்காவும் வந்து கைகட்டி நின்றார். திருட்டுப் பட்டம் சுமக்கிற மாமாவின் கையில் ஆன்டெனாவைக் கொடுக்கக்கூடாது என்று செயலாளர் அடம் பிடித்ததால், அது என் கைக்கு வந்தது. அதோடு இணைத்த மாமாவின் கைரேடியோவில் சும்மா உஸ்ஸென்று காற்று மட்டும் கேட்டது. நான் நாலு பக்கமும் சுற்றினேன். ஒன்றும் இல்லை.

"எங்கே உங்க கரகரப்பு?" செயலாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "எல்லாம் கட்டுக்கதை. கூட்டத்துல இவரை..."

கர், கர், கர், கர்ர்ர்ர்.

"என் மிஷின்!" என்று அக்கா கத்தினார். செயலாளரின் வாய் திறந்தபடியே நின்றது. நான் ஆன்டெனாவை வீசிப் பார்த்தேன். தகரப் பலகைக்கு நேராக வந்தபோது சத்தம் காதைப் பிளந்தது.

"எதிர்க்கட்டடம்! எதிர்க்கட்டடத்துல இருக்கு!" என்று முழங்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணிக்கு முன்னால் நான் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல, இது வெளியாளுங்க வேலைன்னு!"

"அப்பவே நீங்க சொன்னது மாமாதான்னுல்ல?" என்றார் அண்ணி.

நான் அதற்குள் ஆன்டெனாவை மாமாவிடம் திணித்துவிட்டு, திருடனைப் பிடிக்கப் பாதிப் படி இறங்கிவிட்டேன். மேலேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "தம்பி, ஓடாதீங்க! அது தகரம்!"

திரும்பி வந்தேன். மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கண்ணாடியில டார்ச் அடிச்சா வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேர்ந்தா வருது? எங்க கடைக்கு வர்ற குழந்தைங்கதான் அப்படி நினைக்கும். தகரத்துல பட்டுத் திரும்புது, அவ்வளவுதான். இந்த ஏமாத்துல நானே எத்தனையோ தடவை விழுந்திருக்கேன்."

செயலாளர் தடுப்பதற்குள் மாமா கைப்பிடிச் சுவர்மேல் வயிற்றை வைத்துக் குனிந்தார். ஆன்டெனாவைத் தலைகீழாகக் கீழே நீட்டி மணிக்கட்டைத் திருகினார். கரகரப்பு எகிறியது. அவர் கை நின்ற இடத்துக்கு நேர் கீழே இருந்தது நாலாம் மாடி ஜன்னல் ஒன்று மட்டும்தான். பச்சைத் திரை போட்டது.

"அது நம்ம..." என்று இழுத்தார் தையல்கார அக்கா.

அந்த ஜன்னலுக்குள்ளிருந்து "ஐயோ!" என்று ஓர் அலறல் கேட்டது. கரகரப்பு பட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் படியில் திம் திம்மென்று காலடி. செயலாளரின் மனைவி மூச்சு வாங்க வந்து நின்றார். தோளில் ஒரு பெரிய போர்வை. அதில் சிவப்பு நூலில் பூக்கள், பூக்களுக்கு நடுவில் அவருடைய பெயரில் பாதி. பெயருக்குக் குறுக்கே, வேலி தாண்டி ஓடின மாதிரி ஒரு கோணல் தையல்.

"இதான் உங்க மசாஜ் மிஷினா? இடுப்பை எங்க வைக்கறதுன்னு தேடறேன், கால் பெடல்ல பட்டு அது பாட்டுக்கு ஓடுது!"

செயலாளர் தண்ணீர்த் தொட்டியின் மேடையில் பொத்தென்று உட்கார்ந்தார். கல்யாண நாள் வருகிறது. கடையில் எதை வாங்கிக் கொடுத்தாலும், 'இதைக் கடைக்காரன்தானே தேர்ந்தெடுத்தான்' என்று மனைவி கேட்பார். இந்த முறை தன் கையாலேயே ஒன்று செய்து அசத்த ஆசை. அக்கா ஊருக்குப் போன அன்று மாற்றுச் சாவியால் கடையைத் திறந்து மிஷினைத் தூக்கி வந்திருக்கிறார். அக்கா வருவதற்குள் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைப்பு. அக்கா முன்னாடியே வந்து நின்றதும் கைகால் ஓடவில்லை.

"மிஷினால மாமாவுக்குச் சத்தம் கேக்குதுன்னு தெரிஞ்சதும் பயந்துட்டேன். ஆன்டெனாவோட தேட ஆரம்பிச்சா நேரா என் ஜன்னல்லதானே வந்து நிப்பாரு? அதான் சாவியை வாங்கிட்டேன். வாயில அவர் பேரு வந்துடுச்சு."

"ஒரு போர்வைக்காக ஒரு மனுஷனைத் திருடனாக்கிட்டீங்க," என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை, ஆனால் அதில் சிரிப்பு இல்லை. "மிஷினைவிடப் பெரிசா ஒண்ணை இவர்கிட்டேருந்து எடுத்துட்டீங்க. ஒரு வாரமாப் பொண்ணு குரலை."

செயலாளர் தலை நிமிராமலே எழுந்து வந்து, மாமாவின் உள்ளங்கையில் மாடிச் சாவியை வைத்தார். "இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நானே உண்மையைச் சொல்லிடறேன். மன்னிச்சுடுங்க."

தையல்கார அக்கா போர்வையைப் பிரித்து, கண்ணருகே வைத்து ஆராய்ந்தார். "பூ பரவாயில்ல. இலைதான் ஏதோ கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கு. சார், முதல்ல மிஷினை நீங்களே நாலு மாடியும் சுமந்து இறக்கணும். அப்புறம் கடைக்கு வந்து என் முன்னாடி உக்காந்து பாதிப் பேரை முடிக்கணும். அதான் தண்டனை."

"பேரு முடியற வரைக்கும் நான் பேசமாட்டேன்," என்றார் மனைவி. ஆனால் போர்வையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அண்ணி, அவர் பனியன்ல நூல் இருந்ததை நான் அப்பவே பார்த்தேன்," என்று கிசுகிசுத்தேன்.

"அப்புறம் ஏண்டா சொல்லல?"

"மரியாதைக்காக."

அண்ணி என் மண்டையில் குட்ட வந்தார். அதற்குள் மாமா கையை உயர்த்தினார். "ஷ்! வருது!"

தென்மேற்கே வானத்தின் அடிவிளிம்பைப் பார்த்து ஆன்டெனா நின்றது. ரேடியோவின் காற்று மெல்ல அடங்கி, நடுவில் யார் யாரோ ரேடியோக்காரர்கள் தங்கள் குறிகளைச் சொல்வது கேட்டது. கரகரப்பு இல்லை. மாமா துணி பிழிவது போல மணிக்கட்டைத் திருகியபடி தன் அழைப்புக் குறியைச் சொல்லிக் காத்திருந்தார். ஆன்டெனா மேலே ஏறியது. மறுபடி சொன்னார்.

"அப்பா! அப்பா, கேக்குதா?"

பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டது போல அவ்வளவு தெளிவு. செயலாளர் மனைவி போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேக்குதும்மா! இன்னிக்குத்தான் கேக்குது!" மாமா கத்தினார். "ஒரு வாரமா இங்க ஒரே கரகரப்பு. ஒரு வார்த்தைகூட விழல."

"இங்க கரகரப்பே இல்லையேப்பா. இந்தத் தீவுல மிஷினே கிடையாதே. நீங்க பேசினது எல்லாமே எனக்குக் கேட்டுச்சு."

மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. செயற்கைக்கோள் அவருக்காக நிற்குமா? குரல் தேய்ந்தது.

"மாமா, கை!" என்று அண்ணி கத்தினார்.

மாமா விழித்துக்கொண்டு ஆன்டெனாவைத் திருப்பினார். "எல்லாமேவா?"

"எல்லாமே. தினமும் கடைசியா சொல்வீங்களே, அதுவும்."

மாமா எங்களைத் திரும்பிப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, தணிந்த குரலில் எங்களுக்கே சொன்னார். "இந்த வேலைக்குப் போகாதேன்னு சண்டை போட்டேன். வழியனுப்ப வாசலுக்குக்கூட வரல. அவ தூங்கறப்போ ஆன்டெனாவை மட்டும் பையில வச்சேன். தினமும் முடிக்கறப்போ, 'கேக்கலைன்னு தெரியும்மா, ஆனாலும் சொல்றேன். நான் வந்திருக்கணும். தப்பு என்னுதுதான். சாப்பிட்டியா?'ன்னு கேப்பேன். யாருக்கும் கேக்கலைன்னு நினைச்சுத்தான் சொன்னேன்." தலையில் அடித்துக்கொண்டார். "கரகரப்பு நம்ம காதுலதான், நம்ம குரல்ல இல்லைன்னு புதுசா ரேடியோ பழகறவங்களுக்கெல்லாம் வகுப்பெடுக்கறவன் நான்!"

ஆன்டெனா இப்போது எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா பொத்தானை அழுத்தினார். "அதுக்கு நீ ஒண்ணும் சொல்லலியேம்மா?"

"தினமும் சொன்னேன்ப்பா! உங்களுக்குத்தான் கேக்கல." குரல் தகரப் பலகைக்குப் பின்னால் தாழத் தொடங்கியது. மாமா குதிகாலைத் தூக்கி, கையை எட்டுகிற வரை நீட்டினார். செயலாளர் ஓடிவந்து அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டேன்ப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?"

மாமா பதில் சொல்லி முடிப்பதற்குள் ரேடியோவில் வெறும் காற்றுதான் இருந்தது. அது போய்ச் சேர்ந்திருக்கும் என்பதில் அவருக்கு இப்போது சந்தேகமில்லை. செயற்கைக்கோள் இறங்கிய பிறகும் அவர் அந்தத் திசையிலேயே ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அண்ணி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூந்தலைச் சரிசெய்வது போல வெகுநேரம் நின்றார். திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது. மரியாதைக்காக நான் சொல்லவில்லை.